கவுச்சி இல்லாத சினை

எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர், கறிவிருந்துப் பந்தியில் பேச்சு எப்படியோ கேவியரில் போய் நின்றபோது, "உப்புப் போட்ட மீன் சினைக்குக் கிலோ லட்ச ரூபாயாம்ல, காசு கொழுத்தவனுக்கு எதைக் கொடுத்தாலும் ருசிக்கும்யா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பந்தியில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அந்த வரி செரிக்கவே இல்லை. விலையைப் பற்றி அவர் சொன்னது சரிதான், கேவியரில் ஒசெட்ரா என்கிற நல்ல வகை சில்லறையில் கிலோ லட்சத்தைத் தாண்டித்தான் விற்கிறது. என்னை உறுத்தியது அந்த 'எதைக் கொடுத்தாலும்'. கட்லா சினையையும் விரால் சினையையும் வாயில் வைத்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்கிற ஊர் இது. மதுரைக் கரிமேட்டு மார்க்கெட்டில் மீனின் வயிற்றை விரலால் அமுக்கிப் பார்த்து, "சினை முத்திப் போச்சு, விலையைப் பார்த்துச் சொல்லு" என்று பேரம் பேசுகிற ஆட்களோடு வளர்ந்தவன் நான். சினையில் நல்லது கெட்டது உண்டு என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அப்படியிருக்க, வேறொரு நாட்டு மீனின் சினை என்றதும் அதில் ருசி என்று ஒன்று இருக்கவே முடியாது, வெறும் பகட்டுதான் என்று எப்படி ஒதுக்கிவிட முடிகிறது?

கேவியர் என்றால் ஸ்டர்ஜன் என்ற மீனின் உப்பிட்ட சினை, அதற்குமேல் அடியிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. பழைய காஸ்பியன் கடல் வியாபாரத்தில் மூன்று பெரிய பெயர்கள், மூன்றும் ஸ்டர்ஜன் வகைகள்: பெலூகா, ஒசெட்ரா, செவ்ரூகா. மணி பெரிதாக, சாம்பல் நிறமாக இருப்பது பெலூகா. சின்னதாக, கறுப்பாக, சுள்ளென்று இருப்பது செவ்ரூகா. நடுவில் நிற்பது ஒசெட்ரா. இந்த வரிசையைப் படிக்கிறவர்கள் பெலூகாதான் உசத்தி, ஒசெட்ரா இரண்டாம் தரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். விலைப்பட்டியல் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் இந்தச் சமாசாரத்தோடு தினமும் புழங்குகிற சமையல்காரர்களிடம் கேட்டால் பலர் ஒசெட்ராவின் பக்கம்தான் சாய்வார்கள். பெலூகாவின் பெருமை பெரும்பாலும் மணியின் பருமனிலும் அரிதாகக் கிடைப்பதிலும் இருக்கிறது. ஒசெட்ராவுக்குத் தனியாக ஒரு சுவை உண்டு. வாதுமைக்கொட்டை, அக்ரூட் இவற்றை மென்றபிறகு நாக்கின் பின்பக்கம் தங்குமே ஒரு எண்ணெய்ப் பதம், அதுதான் அதன் அடையாளம்.

## டப்பா

அத்தையின் இளைய மகன், எனக்கு மாப்பிள்ளை முறை, துபாயில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறான். அவன் லீவில் வந்தபோது ஐஸ் பொதியில் சுற்றி ஒரு சின்ன டப்பா கொண்டுவந்தான், உள்ளங்கையில் அடங்குகிற அளவு. "மாப்ள, நீதான ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருந்த" என்று என்னிடம் நீட்டினான். சோழவந்தானில் அத்தை வீட்டு அடுப்படியில்தான் அதைத் திறந்தோம்.

திறப்பதற்கு முன் நான் டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைத்தான் படித்தேன். கேவியர் வாங்குகிற எவரும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின்கீழ் 1998 முதல் எல்லா ஸ்டர்ஜன் இனங்களும் வந்துவிட்டன. அப்புறம் வந்த விதிப்படி ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு குறியீடு இருக்க வேண்டும். முதல் மூன்று எழுத்து மீனின் இனம். ஜி, யு, ஈ என்றிருந்தால் அது அசிபென்சர் குல்டென்ஸ்டாட்டி, அதாவது ரஷ்ய ஸ்டர்ஜன், அசல் ஒசெட்ரா. அடுத்த எழுத்து மீன் எங்கே வளர்ந்தது என்பதைச் சொல்லும், சி என்றால் பண்ணை, டபிள்யூ என்றால் ஆற்றிலோ கடலிலோ பிடித்தது. அப்புறம் நாடு, எடுத்த வருடம், பதப்படுத்திய ஆலையின் எண். எங்கள் டப்பாவில் ஜி.யு.ஈ, சி, பிறகு சீனாவின் குறி. சீனா என்றதும் அங்கிருந்த ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தார்கள். இன்றைக்கு உலகத்திலேயே அதிகமாகக் கேவியர் தயாரிப்பது சீனாதான், ஐரோப்பாவின் பெரிய ஹோட்டல் மேசைகளிலும் அதுதான் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னபிறகு சரி என்றார்கள். ஒசெட்ரா என்று மேலே பெரிய எழுத்தில் போட்டுவிட்டு உள்ளே சைபீரிய ஸ்டர்ஜன் முட்டையையோ ஏதாவது கலப்பின முட்டையையோ வைத்து விற்பதும் உண்டு, அதனால்தான் மேலே உள்ள பெயரைவிட அடியில் உள்ள மூன்று எழுத்து முக்கியம்.

மூடியைத் தள்ளித் திறந்தபோது முதலில் தெரிந்தது ஒழுங்கு. மணி மணியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பருமனில், அடர்ந்த பழுப்பு நிறம், விளக்கு வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் பித்தளை மஞ்சள். அடியில் தண்ணீர் நிற்கவில்லை. முட்டை உடைந்து கசிந்திருந்தால் நிற்கும். அத்தை எட்டிப் பார்த்து, "கேப்பையாட்டம் இருக்கு, ஆனா ஒண்ணொண்ணும் உசுரோட இருக்க மாதிரி மினுங்குதுடா" என்றாள். மாப்பிள்ளை ஒரு கிள்ளு எடுத்து என் புறங்கையில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்தான். கையின் சூட்டில் அது ஒரு நிமிடம் இருக்க வேண்டும். அப்போது மோந்து பார்த்தால் வாடை வரக்கூடாது. அழுகல் வாடை, அமோனியா நெடி, கனத்த மீன் நாற்றம், எது வந்தாலும் அந்த டப்பா வீண்.

அத்தை அதைச் செய்யவில்லை. நேராக நாக்கில் வைத்துக்கொண்டாள். மென்றாள், நிறுத்தினாள், திரும்ப மென்றாள். நாங்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். உப்பு அதிகம் என்பாள், பச்சை முட்டை என்று துப்புவாள் என்றுதான் என் மனதில் ஓடியது. அவள் கேட்டது வேறு.

"கவுச்சியே இல்லையேடா. சேத்து வாடையும் இல்ல. இது கடல் மீனா, நல்ல தண்ணி மீனா?"

"நல்ல தண்ணியில வளர்த்ததும்மா. பண்ணை மீன்" என்றான் அவன்.

"பண்ணைத் தண்ணியில வளர்ந்த மீனுக்குச் சேத்து வாடை இல்லாம எப்படிடா இருக்கும்? என்ன பண்ணுனாய்ங்க?"

அந்தக் கேள்விதான் எனக்கு இந்த விஷயத்தையே திருப்பிப் போட்டது. அதுவரை நான் படித்ததெல்லாம் ஒசெட்ராவில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி: வாதுமைச் சுவை, வெண்ணெய்ப் பதம், கடல் வாசம். அத்தை ஒரே வாயில் அதில் என்ன இல்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். அந்த இல்லாததை உண்டாக்குவதற்குத்தான் பாதி உழைப்பு போகிறது.

## சேறு எப்படிப் போனது

அயிரை வாங்கி வந்தால் அத்தை என்ன செய்வாள் என்று சொல்கிறேன். உயிரோடு வாங்கிய அயிரையைச் சட்டித் தண்ணீரில் விட்டு, அதில் தேங்காய்ப்பால் கலந்து கொஞ்ச நேரம் விட்டுவிடுவாள். மீன் பாலைக் குடித்துக் குடித்து வயிற்றிலிருக்கும் மண்ணைக் கக்கும். அப்புறம் கல் உப்பைப் போட்டு மண்சட்டியின் சொரசொரப்பில் உரசி உரசி வழுவழுப்பை எடுத்து, தண்ணீர் கண்ணாடியாகத் தெளிகிறவரை அலசுவாள். அவசரப்பட்டு இதை விட்டால் குழம்பு பூராவும் மண் நரநரக்கும். மதுரையில் அயிரைக் குழம்பு சமைக்கத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். குழம்புக்குப் புளி எவ்வளவு என்பது அடுத்த கேள்விதான்.

மண் ஒரு பக்கம், சேற்று வாடை வேறு. மண்ணை அலசிப் போக்கலாம், வாடை அலசினால் போகாது, ஏனென்றால் அது வயிற்றில் இல்லை, கொழுப்பில் இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் வளரும் ஒருவகைப் பாசிகளும் நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. கோடையில் முதல் மழை விழும்போது எழுகிறதே மண்வாசனை, அதற்கும் இதே ஜியோஸ்மின்தான் காரணம். மண்ணில் எழுந்தால் மூச்சை இழுத்து ரசிக்கிறோம், மீனில் வந்தால் தட்டைத் தள்ளுகிறோம். மனித மூக்கு இதை நம்பமுடியாத அளவுக்குச் சின்ன அளவிலேயே கண்டுபிடித்துவிடும். மீனின் செவுள் வழியாக உள்ளே போய்க் கொழுப்பில் தங்கிவிடும். கண்மாய்க் கெளுத்தியில் சில வருடம் வாடை தூக்கலாக இருப்பது இதனால்தான்.

இப்போது ஸ்டர்ஜன் சினைக்கு வாருங்கள். கேவியரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கொழுப்பு. வாதுமைப் பதத்துக்கும் வெண்ணெய்ப் பதத்துக்கும் அந்தக் கொழுப்புதான் ஆதாரம், சேற்று வாடை வந்து குடியேறுவதற்கும் அதுவேதான் இடம். ஆகவே நல்ல பண்ணையில் சினை எடுப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, தீனியை நிறுத்தி, சுத்தமான குளிர்ந்த ஓடும் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். உள்ளே சேர்ந்த ஜியோஸ்மின் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். தீனி இல்லாமல் மீன் எடை குறையும், அதற்குப் பண்ணைக்காரர் நட்டப்பட வேண்டும், தண்ணீருக்கும் இடத்துக்கும் செலவு ஆகும். இதில் மிச்சம் பிடிக்க நினைத்தவரின் கேவியரை வாயில் வைத்தால் பாசி பிடித்த தொட்டி வாடை அடிக்கும். பண்ணைக் கேவியரைப் பற்றி ஆரம்ப காலத்தில் வந்த பெரிய புகாரே அதுதான். மாப்பிள்ளை இதை விளக்கியபோது அத்தை, "பால் ஊத்தி வைக்கிறதுதான், அவிங்க வாரக்கணக்குல வைக்கிறாய்ங்க" என்றாள். அதற்குமேல் அவளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

## முத்தாத சினை, அளந்த உப்பு

நம் மார்க்கெட்டில் சொல்கிற 'முத்திப் போச்சு' இங்கே கோடி ரூபாய்ப் பேச்சு. ஸ்டர்ஜனின் முட்டையை அது தானாக உதிர்கிற நிலைக்கு வருவதற்குச் சற்று முன்பே எடுக்க வேண்டும். உதிரத் தொடங்கிவிட்டால் சவ்வு இளகி, மணி குழைந்து, ஒட்ட ஆரம்பிக்கும். ரொம்ப முன்னதாக எடுத்தால் மணி சின்னதாக, கொழுப்பு மிகுந்து, பிரித்தெடுக்க வராது. இந்த நடுப்பொழுதைக் கண்டுபிடிக்க மீனுக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள், கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே அல்ட்ராசவுண்டு. ஸ்டர்ஜனில் ஆணையும் பெண்ணையும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, ஆகவே முதல் ஸ்கேன் அதற்கு. ஆண் மீன்கள் கறிக்குப் போய்விடும். பெண் மீன்கள் மட்டும் தங்கும், இன்னும் பல வருடங்களுக்கு. சினை ஏறியதும் மறுபடி ஸ்கேன். கடைசியில் மெல்லிய குழாயால் வயிற்றிலிருந்து நாலைந்து முட்டையை எடுத்து, அறுத்துப் பார்த்து, நாள் குறிக்கிறார்கள்.

எடுக்கிற அன்று எல்லாம் வேகம். சினைப்பையை முழுசாக எடுத்து, சல்லடைமேல் உள்ளங்கையால் மெதுவாகத் தேய்க்கிறார்கள், மணிகள் சவ்விலிருந்து பிரிந்து கீழே விழும். குளிர்ந்த தண்ணீரில் அலசி, வடித்து, எடை போட்டு, அந்த எடைக்கு ஏற்ப நைசான உப்பு. அயோடின் சேர்த்த உப்பு ஆகாது. கையால் சில நிமிடம் கலந்து, மறுபடி வடித்து, டப்பாவில் விளிம்புக்கு மேலே குவித்து, மூடியை வைத்து அமுக்கினால் காற்றும் மிச்ச நீரும் பக்கவாட்டில் வெளியேறும். பெரிய டப்பாக்களுக்கு மூடியைச் சுற்றி அகலமான ரப்பர் வளையம் போடுவார்கள். பழைய வழக்கப்படி பெலூகாவுக்கு நீல டப்பா, ஒசெட்ராவுக்கு மஞ்சள், செவ்ரூகாவுக்குச் சிவப்பு.

உப்பின் அளவுதான் கைப்பக்குவம். ஸ்டர்ஜன் கேவியருக்கென்று 2010-ல் வந்த கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரப்படி நூறு கிராமுக்கு 3 முதல் 5 கிராம் வரை உப்பு இருக்கலாம். மாலசோல் என்று டப்பாவில் போட்டிருந்தால் உப்பு குறைவாக இட்டது என்று பொருள், அதுவே உயர்ந்த தரம். ஒரு சிட்டிகை கூடினால் வாதுமைச் சுவை அமுங்கிப்போகும், ஒரு சிட்டிகை குறைந்தால் டப்பா நாள் தாங்காது. ஐரோப்பாவில் கிலோவுக்கு 4 கிராம் வரை வெண்காரம் சேர்க்க அனுமதி உண்டு. நாட்டு மருந்துக்கடையில் நாம் வாங்குகிற அதே வெண்காரம்தான். அது உப்பின் வேலையில் பாதியைச் செய்து, மணியை மெத்தென்று வைத்து, லேசான இனிப்பும் தரும். அமெரிக்காவில் இதற்குத் தடை. ஆகவே ஒரே மீனின் சினை அமெரிக்காவில் ஒரு ருசி, ஐரோப்பாவில் ஒரு ருசி. உப்பிட்ட டப்பாவைப் பூஜ்ஜியத்துக்கு இரண்டு டிகிரி கீழே வைத்தாலும் அது உறையாது, உள்ளேயிருக்கும் உப்பு உறையவிடாது. அந்தக் குளிரில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள். முதல் நாள் வெறும் உப்பாக இருக்கிற முட்டை, உள்ளே உப்பு சமமாக இறங்கிய பிறகுதான் ஒசெட்ராவாகிறது. வீட்டு பிரீசரில் வைத்துக் கெடுத்தவர்கள் உண்டு. உறைந்தால் சவ்வு வெடித்து எல்லாம் கூழாகிவிடும்.

நிறத்தைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. ஒசெட்ராவின் முட்டை கரும்பழுப்பிலிருந்து வெளிர்தங்கம் வரை எந்த நிறத்திலும் வரும், ஒரே பண்ணையில் பக்கத்துப் பக்கத்துத் தொட்டி மீன்களிலேயே வேறுவேறாக இருக்கும். தங்க நிறம் அரிது, ஆகவே அதற்கு இரட்டிப்பு விலை. ஆனால் நிறத்துக்கும் ருசிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. தங்க ஒசெட்ரா என்று பெட்டி கட்டி விற்பவர்கள் விற்பது பார்வைக்கு. பந்தியில் பெரியவர் சொன்ன 'காசு கொழுத்த' பேச்சு இந்த இடத்தில் முழுக்கப் பொருந்தும், இதை அவருக்கு நான் விட்டுக்கொடுக்கிறேன். முத்துச்சிப்பிக் கரண்டியையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். வெள்ளிக் கரண்டி பட்டால் ருசி கெடும் என்பது சரி, எவர்சில்வரில் அப்படியொன்றும் ஆகாது.

## விலையில் இருக்கும் வருடங்கள்

கண்மாயில் விட்ட கட்லா குஞ்சு ஒரு வருடத்தில் கிலோ எடைக்கு வந்துவிடும், அடுத்த ஏலத்துக்குள் காசு. ரஷ்ய ஸ்டர்ஜன் பெண் மீனைப் பண்ணையில் நன்றாகத் தீனி போட்டு வளர்த்தாலும் முதல் சினைக்கு ஏழெட்டு வருடம், பல சமயம் அதற்குமேலும் ஆகும். ஆற்றில் என்றால் பத்து வருடத்துக்கு மேல். ஒருமுறை சினை ஏறினாலும் வருடா வருடம் ஏறாது. இன்று ஒரு டப்பாவுக்குள் இருக்கும் முட்டையின் தாய் மீனுக்கு எத்தனை கோடை தண்ணீர் மாற்றியிருப்பார்கள், எத்தனை தடவை மோட்டார் நின்று பதறியிருப்பார்கள் என்று யோசித்தால், விலையில் பெரும்பகுதி காத்திருந்ததற்கான கூலி என்பது புரியும். அதில் கடைக்காரரின் லாபமும் ஹோட்டலின் படாடோபமும் ஏறுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் அடியில் இருக்கும் வருடங்கள் பொய்யில்லை.

ஆற்றில் பிடித்த ஒசெட்ராவை யார் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன். இதில் எனக்குச் சமாதானமே இல்லை. ஸ்டர்ஜன் குடும்பம் இருபது கோடி வருடப் பழையது, டைனோசர்கள் வந்து போனதைப் பார்த்த மீன். முதுகிலும் பக்கங்களிலும் ஐந்து வரிசையாக எலும்புத் தகடுகள், உள்ளே பெரும்பாலும் குருத்தெலும்பு. காஸ்பியன் கடலில் வளர்ந்து, முட்டையிட வோல்கா ஆற்றில் எதிர்நீச்சலடித்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலே போகிற மீன் இது. நம் வைகை அணை 1959-ல் திறந்தார்கள். கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் வோல்கோகிராடில் வோல்காவின் குறுக்கே பிரமாண்டமான மின்நிலைய அணை எழுந்தது, 1961-ல் முழுமையானது. மீன் அணைவரை வந்து முட்டிக்கொண்டு நின்றது. மேலே இருந்த சரளைக்கல் படுகைகளில் பெரும்பகுதிக்குப் போக வழியில்லை. சோவியத் அரசு குஞ்சுப் பொரிப்பகங்கள் கட்டி கோடிக்கணக்கில் குஞ்சு விட்டுச் சமாளித்தது. 1991-ல் அந்த அரசே உடைந்தபோது கண்காணிப்பும் உடைந்தது, கள்ளப்பிடி தலைவிரித்து ஆடியது. 2022-ல் வந்த மதிப்பீட்டில் உலகத்தில் மிஞ்சியிருக்கும் 26 ஸ்டர்ஜன், அதன் நெருங்கிய உறவான துடுப்புமீன் இனங்கள் அத்தனையும் அழியும் ஆபத்துப் பட்டியலில் இருக்கின்றன. சீனத் துடுப்புமீன் முற்றாக அழிந்தே போனது.

வைகைக்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா? மணலை அள்ளிய ஆற்றில் அயிரை எங்கே ஒளியும், எங்கே முட்டையிடும்? அத்தை சின்ன வயதில் துண்டை விரித்துப் பிடித்த மீனை இன்று கிலோ ஆயிரத்துக்குமேல் கொடுத்து வாங்குகிறாள், அதுவும் கிடைக்கிற அன்றைக்கு. கேவியர் பணக்காரன் சாப்பாடு, அயிரை நம் சாப்பாடு என்று பிரித்துப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. ஆற்று மீன் சாதாரண மனிதர் கைக்கு எட்டாமல் போவது எப்படி என்பதை ஒசெட்ராவின் வரலாறு நமக்கு முன்பே நடந்து காட்டியிருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் அமெரிக்க மதுக்கடைகளில் ஸ்டர்ஜன் கேவியரை இலவசமாகக் கொடுத்தார்கள், உப்புக்கு இன்னும் குடிப்பார்கள் என்று. அங்கேயும் மீனைத் துடைத்தெடுத்த பிறகுதான் அது லட்ச ரூபாய்ப் பண்டமானது.

## கட்லா சினையில் செய்து பார்த்தது

டப்பா காலியான மறுவாரமே அத்தை கட்லா சினையில் இதைச் செய்து பார்க்கலாமா என்று ஆரம்பித்துவிட்டாள். பச்சையாகத் தின்னக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். நம் கண்மாய்த் தண்ணீரும் மார்க்கெட்டில் வயிற்றைக் கீறுகிற கத்தியும் பலகையும் அதற்கு லாயக்கில்லை. யாரும் வீட்டில் முயல வேண்டாம். அவள் சினையைச் சல்லடையில் தேய்த்தாள். கட்லாவின் மணி சின்னது, பிரிவதற்குள் பாதி கூழாகிவிட்டது. மீதியை அலசி, சமையல் தராசில் எடை போட்டு, நூறு கிராமுக்கு 4 கிராம் என்று உப்பை அளந்து கலந்து, ஒரு ராத்திரி பிரிட்ஜில் வைத்து, மறுநாள் இட்லிச் சட்டியில் துணி விரித்து ஆவியில் வேகவைத்தாள். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், பூண்டு எதுவும் இல்லை. கேவியர் என்று அதை யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது, ஸ்டர்ஜன் சினைக்கு மட்டும்தான் அந்தப் பெயர். ஆனால் எத்தனையோ வருடமாக மசாலாவில் புரட்டி எண்ணெயில் பொரித்தே தின்ற சினைக்குத் தனியாக ஒரு ருசி இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அந்த வீட்டில் தெரிந்தது. அடியில் லேசாகச் சேற்று வாடையும் இருந்தது. அத்தை அதையும் கண்டுபிடித்து, இந்த மீன் எந்தக் கண்மாய் என்று வியாபாரியிடம் விசாரிக்கக் கிளம்பினாள்.

எதோடு சாப்பிடுவது என்று கேட்கிறவர்களுக்கு: ஒசெட்ராவை முதலில் எதுவும் சேர்க்காமல் சாப்பிடுங்கள். ரஷ்யர்கள் சின்னத் தோசை போன்ற பிளினியும் புளித்த பாலேடும் வைத்துக்கொள்வார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். எங்களுக்கு ஆறிய ஆப்பத்தின் நடுப்பகுதி சரியாக வந்தது, சூடாக இருந்தால் மணி வெந்து வெளுத்துவிடும். வெங்காயமும் எலுமிச்சையும் வேண்டாம், அவை மட்டமான சரக்கின் கவுச்சியை மறைக்கத்தான் உதவும்.

மாப்பிள்ளை அடுத்த முறை வரும்போது சைபீரிய ஸ்டர்ஜனின் டப்பா ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அதன் குறியீடு பி, ஏ, ஈ. மணி இன்னும் கொஞ்சம் சின்னது, நிறம் கறுப்பு, மீன் சீக்கிரம் சினைக்கு வருவதால் விலையும் குறைவு, பிரான்சின் தென்மேற்குப் பகுதிப் பண்ணைகளில் நிறைய வளர்க்கிறார்கள். ஒசெட்ராவையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டப்பாவைக் காட்டாமல் அத்தையிடம் கொடுக்க வேண்டும். பந்தியில் பேசிய அந்தப் பெரியவரையும் கூப்பிடலாம் என்று அத்தையே சொல்லிவிட்டாள்.